ஆண்டில் சில வாரங்கள் மட்டும் படம் எடுப்பவர் எந்த மென்பொருளை நாடுவது?

பினாங்கில் கேமரா வைத்திருக்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு ஒளிப்படம் பிழைப்பன்று. தைப்பூசம், தீபாவளி, உறவினர் வீட்டுத் திருமணம், பள்ளி விடுமுறைப் பயணம் என ஆண்டில் சில வாரங்களில் நூற்றுக்கணக்கில் படங்கள் சேரும். எஞ்சிய மாதங்களில் கேமரா அலமாரியில் இருக்கும். படங்களைத் திருத்தும் மென்பொருள்களில் புகழ்பெற்றவையோ மாதந்தோறும் கட்டணம் கேட்கின்றன. வாரந்தோறும் படம் எடுத்துப் பணம் ஈட்டுபவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும். திருவிழாவுக்குத் திருவிழா படம் எடுப்பவருக்கு ஒத்துவராது. அவர் முதலில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் தொடங்க வேண்டும். தம் படங்களில் அது தீர்க்காத குறை எது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு, அந்தக் குறைக்காக மட்டும், ஒருமுறை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை விலையிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

அடோபி நிறுவனத்தின் படத்திருத்த மென்பொருள்களில் 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பையும் 2007இல் வெளிவந்த லைட்ரூமையும் ஒருமுறை வாங்கினால் கணினி உழைக்கும் வரை பயன்படுத்தலாம் என்ற நிலை நெடுநாள் இருந்தது. 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம், தன் தொழில்முறை மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவாக மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. லைட்ரூம் மட்டும் சிறிது காலம் அதிலிருந்து தப்பியிருந்தது; 2015இல் 149 டாலருக்கு வந்த அதன் ஆறாம் பதிப்பே ஒருமுறை விலைக்கு விற்கப்பட்ட கடைசிப் பதிப்பு. ஃபோட்டோஷாப்பையும் லைட்ரூமையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குக் கொடுத்த ஒளிப்படக்காரர் திட்டம் பல ஆண்டுகள் விலை மாறாமல் நீடித்ததால், பலரும் சந்தாவுக்குப் பழகிவிட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தத் திட்டத்தின் 20 ஜிகாபைட் வடிவம் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. இரண்டு மென்பொருளும் வேண்டுமென்றால் ஒரு டெராபைட் சேமிப்பிடத்தோடு மாதம் 19.99 டாலர் என்ற திட்டத்தில்தான் சேர வேண்டும் என்றாயிற்று. ஃபோட்டோஷாப் வேண்டாம், லைட்ரூம் போதும் என்பவருக்கு அதைவிட விலை குறைந்த திட்டமும் உண்டு.

மலேசியாவில் இருப்பவருக்கு இதில் இன்னொரு சுமையும் சேர்கிறது. 2014இன் நடுப்பகுதியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3.20 ரிங்கிட் கொடுத்தோம். 2024 பிப்ரவரியில் அது 4.79ஐத் தொட்டது. 1998 நிதி நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு இறங்கியதில்லை. அந்த நிறுவனம் ஒரு சென்கூட ஏற்றாத நிலையிலும், டாலரில் கணக்கிடப்பட்ட அதே 9.99, 32 ரிங்கிட்டிலிருந்து 48 ரிங்கிட்டை நெருங்கிவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அமெரிக்க விலையான 19.99 டாலரை அப்படியே எடுத்துக்கொண்டு, டாலருக்கு 4.20 ரிங்கிட் என வைத்து, வரியையும் சேர்த்தால் மாதம் சுமார் 90 ரிங்கிட், ஆண்டுக்குச் சுமார் 1,088 ரிங்கிட் ஆகிறது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் அந்தத் தொகையின் கனம் விளங்கும். பத்து ஆண்டுகளுக்கு அதே விலை நீடித்தாலும் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். நல்லதொரு லென்ஸும் கேமராவும் அந்தப் பணத்தில் வாங்கலாம். உள்ளூரில் காட்டப்படும் விலை சற்று மாறுபடலாம் என்பதால், பணம் செலுத்தும் பக்கத்தில் வரியோடு வரும் இறுதித் தொகையையும், வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேர்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே எவரும் முடிவெடுக்க வேண்டும்.

தைப்பூச மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். மாதாமாதம் பணம் எடுக்கப்படும் திட்டங்களில் பல, உண்மையில் ஓர் ஆண்டு ஒப்பந்தங்கள். அடோபியின் அத்தகைய ஒப்பந்தத்தை முதல் 14 நாள்களுக்குப் பிறகு இடையில் முறித்தால், எஞ்சிய மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. இந்தக் கட்டணம் வாங்குபவரின் கண்ணில் படாதபடி வைக்கப்பட்டிருக்கிறது என்று கூறி, அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் புகாரின் பேரில் 2024 ஜூனில் அந்நாட்டு அரசு வழக்கே தொடுத்தது. பருவத்துக்குப் பருவம் படம் எடுப்பவருக்குச் சந்தா முறை பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இந்த விதியே போதுமான சான்று.

மலிவு என்ற பெயரில் வேறொரு வழியும் நம்மிடையே உண்டு. அதைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. முன்பு பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைகளில் சில ரிங்கிட்டுக்கு விற்ற கள்ளக் குறுந்தட்டுகள் மறைந்துவிட்டன. இன்று பூட்டு உடைக்கப்பட்ட கோப்புகளாகவும், இணையச் சந்தைகளில் 'வாழ்நாள் கணக்கு' என்று விற்கப்படும் உரிமங்களாகவும் அதே வணிகம் தொடர்கிறது. சந்தாவாக மட்டுமே விற்கப்படும் ஒரு மென்பொருளுக்கு வாழ்நாள் உரிமம் இருக்க முடியாது என்பதை வாங்குபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய கணக்கு எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். உடைக்கப்பட்ட கோப்பை நிறுவுவதற்காக வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கும்படி கேட்கப்படும்போது, வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியைத்தான் நாம் பாதுகாப்பின்றி விடுகிறோம். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் இந்த ஆபத்தை ஏற்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

எது இலவசம் என்பதைப் பார்ப்பதற்கு முன், நமக்கு எந்த வேலை நடக்க வேண்டும் என்பதைப் பிரித்தறிவது நல்லது. ஒளிப்பட மென்பொருள் செய்யும் வேலைகள் இரண்டு வகைப்படும். முதலாவது, கேமரா பதிவுசெய்ததைப் பக்குவப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை எடுத்து, வெளிச்சம், நிறம், கூர்மை ஆகியவற்றைச் சீர்செய்து படமாக்குவது. இரண்டாவது, அவ்வாறு உருவான படத்தின் மேல் லேயர் எனப்படும் படலங்களை அடுக்கி, வேண்டாததை நீக்கி, எழுத்துகளைச் சேர்த்து, இரண்டு படங்களை ஒன்றாக்குவது. லைட்ரூம் முதல் வகை. ஃபோட்டோஷாப் இரண்டாம் வகை. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்குத் தேவைப்படுவதில் மிகப் பெரும்பகுதி முதல் வகையே என்பதால், ஃபோட்டோஷாப்புக்கு மாற்று எது என்று தேடத் தொடங்குபவர் பெரும்பாலும் தவறான கடையின் வாசலில் நிற்கிறார்.

ரா கோப்பின் மதிப்பை எண்களில் பார்த்தால் தெளிவாகும். கேமரா நேரடியாகத் தரும் ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகளே உண்டு. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிநிலைகள். தண்ணீர்ப் பந்தலின் நிழலில் நிற்கும் ஒரு மூதாட்டியின் முகம் இருண்டு போயிருந்தால், ஜேபெக்கில் அதை வெளுக்க முயலும்போது நிறம் திட்டுத் திட்டாக உடையும். ரா கோப்பில் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருந்த விவரங்கள் மேலெழுந்து வரும். வெளிச்சத்தின் நிறச்சாயலை ஈடுகட்டும் ஒயிட் பேலன்ஸும் அப்படியே: ஜேபெக்கில் அது படத்தோடு உறைந்துவிடுகிறது, ராவில் வீட்டுக்கு வந்த பிறகு விரும்பியவாறு மாற்றலாம்.

இந்த வேலைக்கு முதலில் திறந்து பார்க்க வேண்டியது கேமரா நிறுவனமே கொடுக்கும் மென்பொருளை. கேமராவின் விலையிலேயே இதற்கான தொகை அடங்கியிருந்தும், பலர் அதை நிறுவிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வியப்பையும் வருத்தத்தையும் தருகிறது. நிக்கான் 2021இல் வெளியிட்ட என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல், சோனியின் இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப் ஆகிய மூன்றும் இலவசம். கேமராவின் திரையில் நாம் கண்ட அதே நிறத்தை இவை கணினியிலும் தருகின்றன; மற்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் அந்த நிறத்தைத் தாமாக ஊகித்தே உருவாக்க வேண்டும். ஃபூஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டுடியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, யுஎஸ்பி கம்பியால் இணைத்த கேமராவுக்குள் இருக்கும் கணிப்புச் சில்லையே கணக்கிட வைக்கிறது. பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இது பெரிய உதவி. என்எக்ஸ் ஸ்டுடியோவில் முகத்தின் மீது ஒரு புள்ளியை வைத்து அந்த இடத்தை மட்டும் வெளுக்கும் வசதி இருக்கிறது. கைப்பேசியில் பலரும் பயன்படுத்தும் ஸ்னாப்சீட் செயலியிலும் இதே வசதி உண்டு. நிக் சாஃப்ட்வேர் என்ற ஒரே நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலிருந்து இரண்டும் வந்தவை. குறை என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொரு நிறுவனத்தின் ரா கோப்பைத் திறக்காது. நாளை கேமராவை மாற்றினால் மென்பொருளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தக் கட்டுப்பாடு இல்லாத இலவச மென்பொருள்களில் முதன்மையானவை டார்க்டேபிளும் ராதெரபியும். இரண்டும் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குபவை. டார்க்டேபிள் 2009இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வருகிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை, படம் எதுவும் வெளியே அனுப்பப்படுவதில்லை. இவற்றின் ஆற்றலைச் சொல்வதற்குத் தைப்பூச இரவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை நோக்கி நகர்கிறது. 2017 முதல் தங்க ரதமும் செல்கிறது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொரு பந்தலிலும் ஊதா, பச்சை, நீலம் என்று எல்இடி விளக்குகள், மேலே தெருவிளக்கு, கீழே கற்பூரச் சுடர், இடையில் சாம்பிராணிப் புகை. பால்குடம் ஏந்திவரும் ஒரு பெண்ணின் இடக் கன்னம் ஊதாவாகவும் வலக் கன்னம் மஞ்சளாகவும் பதிவாகும். படம் முழுவதற்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் வைக்கும் மென்பொருளால், ஒரு கன்னத்தைச் சரிசெய்தால் மற்றதைக் கெடுக்கத்தான் முடியும். டார்க்டேபிளின் 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்ட நிற அளவீட்டுப் பிரிவை ஒரே படத்தில் பலமுறை பயன்படுத்தலாம்; ஒவ்வொன்றையும் மாஸ்க் என்னும் எல்லையை வரைந்து ஒரு பகுதிக்கு மட்டும் பொருத்தலாம். ஊதா வெளிச்சம் விழுந்த பகுதிக்கு ஒரு திருத்தம், தெருவிளக்கு விழுந்த பகுதிக்கு வேறு திருத்தம் என்று பிரித்துச் செய்தபின் இரண்டு கன்னமும் ஒரே முகத்தில் வந்து சேர்கின்றன.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்இடி விளக்கின் நீலம் மிகக் குறுகலான அலைநீள வரம்புக்குள் மட்டும் ஒளிர்வதால், கேமராவின் நீல உணரிகள் நிரம்பி வழிய, சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய வெறுமையாக நிற்கின்றன. முகத்தில் நிழலும் மடிப்பும் இல்லாமல், சாயம் பூசிய தகடு ஒன்று தெரிகிறது. பதிவே ஆகாத சிவப்பை எந்த மென்பொருளும், எவ்வளவு விலை கொடுத்தாலும், மீட்டுத்தராது. படம் எடுக்கும்போதே வெளிச்சத்தை ஒரு படி குறைத்து, நீலம் நிரம்பாமல் பார்த்துக்கொள்வதே வழி. தவறிவிட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், பல நேரங்களில் அது தன்னளவிலேயே நல்ல படமாகிவிடுகிறது. மென்பொருள் வாங்கினால் தீரும் சிக்கல் எது, தீராத சிக்கல் எது என்று அறிந்துகொள்வதும் பணத்தை மிச்சப்படுத்தும் வழிதான்.

டார்க்டேபிளைக் கற்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முறை திறப்பவருக்கு ஏராளமான பிரிவுகள் கண்ணைக் கட்டும்; ஒரே வேலைக்கு மூன்று நான்கு வழிகள் இருக்கும்; லைட்ரூமில் பழகிய கை இங்கே தடுமாறும். வெளிச்சம், நிற அளவீடு, சிக்மாய்ட் என்னும் ஒளியமைப்புப் பிரிவு, நாய்ஸ் எனப்படும் புள்ளிகளின் குறைப்பு, லென்ஸ் திருத்தம் ஆகிய ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிட்டால் பெரும்பாலான படங்களை முடித்துவிடலாம். ராதெரபி, மாஸ்க் வரைவதில் டார்க்டேபிளுக்கு நிகராகாது; ஆனால் கூர்மையிலும் நுண்விவரத்திலும் மிகச் சிறந்த முடிவுகளைத் தருகிறது. பகல் வெளிச்சத்தில் ஜார்ஜ்டவுன் தெருக்களையும் கட்டடங்களையும் எடுப்பவருக்கு அதுவே போதும் என்பேன்.

நாய்ஸைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் பணம் கொடுத்து வாங்குவதற்கு நியாயம் இருக்கும் இடம் இதுதான். இரவுப் படங்களில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் நாய்ஸை, கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றியதன் விளைவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் முதன்மைக் காரணம் வெளிச்சப் பற்றாக்குறை. ஒளி துகள்களாக வந்து விழுகிறது. ஓர் இடத்தில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது ஒரு விழுக்காடு. 100 துகள்கள் மட்டும் விழும் இருட்டில் ஏற்ற இறக்கம் 10. அது பத்து விழுக்காடு. இரவு நேரக் கோயில் படிக்கட்டில், ஐஎஸ்ஓ 6400இல், காவடி சுமந்து ஏறுபவரைப் படம் எடுக்கும்போது நாம் இந்தப் பத்து விழுக்காட்டு உலகில்தான் இருக்கிறோம். டார்க்டேபிள் ஒவ்வொரு கேமரா வகைக்கும் அளந்துவைத்த நாய்ஸ் விவரங்களைக் கொண்டு புள்ளிகளை மட்டுப்படுத்துகிறது. ஓரளவு வரை அது நன்றாகவே செய்கிறது. 2020இல் டிஎக்ஸ்ஓ நிறுவனம் கொண்டுவந்த டீப்பிரைம், 2023இல் லைட்ரூமில் சேர்ந்த டீநாய்ஸ் போன்றவை ஏராளமான படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பியல் வலைப்பின்னல்கள் என்னும் செயற்கை நுண்ணறிவு முறையைப் பயன்படுத்துவதால், காவடியின் மயிலிறகு இழைகளைக் காத்துக்கொண்டே புள்ளிகளை நீக்குகின்றன. வேறுபாடு உண்மையானது, பெரிதாக அச்சிடும்போது வெறும் கண்ணுக்கே தெரியும். இரவுத் திருவிழாக்களையே விரும்பி எடுப்பவர், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் போன்று ஒருமுறை விலைக்குக் கிடைக்கும் ஒன்றுக்குப் பணம் சேர்ப்பது தகும்.

அதற்கு முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். தம் கேமரா அந்த மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்பது முதலாவது. டிஎக்ஸ்ஓ தன் ஆய்வகத்தில் அளக்காத கேமராவின் ரா கோப்பைத் திறக்காது. கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இருக்கிறதா என்பது இரண்டாவது. இல்லையென்றால் சில விநாடிகளில் முடிய வேண்டிய கணக்கு ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் எடுக்கும். ஒருமுறை விலை என்பது என்றென்றைக்கும் போதும் என்று பொருள்படாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். லைட்ரூம் 6 வாங்கியவர்களுக்கு 2017 டிசம்பரோடு புதிய கேமராக்களுக்கான ஆதரவு நின்றது. அதற்குப் பின் வந்த கேமரா வாங்கியவர்கள், அடோபி இலவசமாகத் தரும் மாற்றியில் கோப்பை டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றியே திறக்க வேண்டியதாயிற்று. ஃபோட்டோஷாப்பின் எளிய வடிவமான ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸை ஒருமுறை விலை என்று நம்பி வாங்குபவரும் விவரத்தைப் படிக்க வேண்டும். அதன் 2025 பதிப்பு முதல் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே.

தோல் நிறத்தைப் பற்றி எந்த விலைப்பட்டியலும் பேசுவதில்லை. நம்மவர்களைப் படம் எடுப்பவருக்கு அதுவே தலையாயது. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கொள்ளப்பட்டது. அந்த மனப்போக்கு இன்று வேறு வடிவில் தொடர்கிறது. 'முக அழகு', 'தானியங்கித் திருத்தம்' என்று பல செயலிகளில் ஒரே தொடுதலில் நடப்பது, கறுத்த முகத்தை வெளுத்து, தோலின் நுண்கோடுகளை மழுங்கடிப்பதுதான். வேல் தரித்து மலையேறிய ஒருவரின் கறுத்த, வியர்வை படர்ந்த, திருநீறு பூசிய முகத்தை வெளிறிய மெழுகாக மாற்றித்தரும் மென்பொருள், இலவசமாகவே வந்தாலும், நமக்கு வேண்டியதில்லை. ஒரு மென்பொருளைச் சோதிக்கும்போது தானியங்கிப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, அது நம் வீட்டுப் பெரியவர்களின் முகத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். வெளுக்கும் அளவை நாமே கட்டுப்படுத்த முடிகிறதா, அந்த நிறத்தை ஒரு முன்னமைவாகச் சேமித்து அடுத்த படத்துக்கும் பயன்படுத்த முடிகிறதா என்பவையே அங்கு எழ வேண்டிய கேள்விகள்.

இரண்டாம் வகை வேலைக்கு, அதாவது லேயர்களுக்கும் எழுத்துகளுக்கும், இன்று எவரும் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1990களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய கிம்ப் என்ற இலவச மென்பொருள், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பை எட்டியது. மூலப் படத்தைக் கெடுக்காமல் வடிகட்டிகளைச் சேர்த்து, பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் வந்துவிட்டது. கிம்ப் தானாக ரா கோப்பைத் திறக்காது. டார்க்டேபிளையோ ராதெரபியையோ அழைத்துத்தான் திறக்கும் என்பதால் இவை ஒன்றுக்கொன்று இசைந்து செல்கின்றன. பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் உருவாக்கிய அஃபினிட்டி என்ற மென்பொருளை, இணையவழி வடிவமைப்பு நிறுவனமான கேன்வா 2024இல் வாங்கி, 2025 அக்டோபர் இறுதியில் எல்லோருக்கும் இலவசமாக்கியது; கேன்வா கணக்கு வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குத் தனிக் கட்டணம். ஒரு வணிக நிறுவனம் இலவசமாகக் கொடுப்பதை அது பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்ற எச்சரிக்கையோடு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எதையும் நிறுவ முடியாத கணினியில், உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபியா போதும்.

கோயில் விழா அழைப்பிதழுக்கோ தீபாவளி வாழ்த்துக்கோ படத்தின் மேல் தமிழ் எழுதுபவர்கள் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். 'கொ', 'பௌ' போன்ற எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி, எழுத்து சிதைந்து நிற்கும். கிம்ப் எவ்விதச் சிறப்பு அமைப்பும் இல்லாமல் தமிழைச் சரியாகக் காட்டுகிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துக்கான விருப்பங்களுக்குள் சென்று, மத்தியக் கிழக்கு மற்றும் தெற்காசிய மொழிகளுக்கான இயக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இது தெரியாமல், ஃபோட்டோஷாப்பில் தமிழ் வராது என்று முடிவுகட்டிப் பழைய எழுத்துருக்களுக்குத் திரும்பியவர்கள் உண்டு.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை விட்டு வெளியேறும் நாளையும் எண்ணிப் பார்ப்பது அவசியம். ரா மென்பொருள்கள் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. செய்த திருத்தங்களைக் குறிப்பாக எழுதி வைக்கின்றன. படங்களைக் கணினியிலேயே வைத்து வேலை செய்யும் லைட்ரூம் வடிவமான லைட்ரூம் கிளாசிக், அந்தக் குறிப்புகளைத் தன் தொகுப்புக் கோப்புக்குள் வைக்கிறது. டார்க்டேபிளும் ராதெரபியும் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் சிறு கோப்பாக எழுதுகின்றன. லைட்ரூம் கிளாசிக்கின் சந்தா முடிந்த பிறகும் தொகுப்பைத் திறந்து பார்க்கலாம், படங்களை வெளியே எடுக்கலாம்; திருத்தும் பகுதியோ பூட்டிக்கொள்ளும். நட்சத்திர மதிப்பீடும் குறிச்சொற்களும் பொதுவான வடிவில் எழுதப்படுவதால் மற்ற மென்பொருள்களுக்கும் போகும். 'காவடி', 'பால்குடம்', 'தாத்தா' என்று தமிழிலேயே குறிச்சொல் இடலாம், டிஜிகேம் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருளில் தமிழிலேயே தேடலாம். நிறமும் வெளிச்சமும் சார்ந்த திருத்தங்களோ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே போகமாட்டா. ஆகவே எந்த மென்பொருளில் வேலை செய்தாலும், பிடித்த படங்களை முழு அளவு ஜேபெக்காகவோ 16 பிட் டிஃப் கோப்பாகவோ வெளியே எடுத்து, ரா கோப்போடு சேர்த்து இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்தவரை எந்த விலையேற்றமும் பிணைக்க முடியாது.

லைட்ரூம் தகுதியற்றது என்று நான் சொல்லவில்லை. வானம், முகம், ஆடை என்று தானாகவே பிரித்தெடுக்கும் அதன் மாஸ்க் வசதியும், கைப்பேசிக்கும் கணினிக்கும் இடையே ஒரே படத்தொகுப்பை வைத்திருக்கும் முறையும் வேறெங்கும் அவ்வளவு ஒழுங்காக அமையவில்லை. மாதம் இரண்டு மூன்று திருமணங்களுக்குப் பணம் வாங்கிப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டவருக்கு, மிச்சமாகும் நேரமே சந்தாவைச் செலுத்திவிடும். அந்நிலையில் அவர் பொழுதுபோக்கைக் கடந்துவிட்டார். அவருடைய கணக்கு வேறு.

மற்றவர்கள், தம் தொகுப்பிலேயே மிகக் கடினமான மூன்று ரா கோப்புகளை எடுத்துக்கொள்ளட்டும்: ஊதா விளக்கில் ஒரு முகம், நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியும் கறுத்த உடலுமாக ஒருவர், இருட்டில் எடுத்த ஒரு காவடி. அவற்றை முதலில் கேமரா நிறுவனத்தின் மென்பொருளிலும், அடுத்து டார்க்டேபிளிலும் முடித்துப் பார்க்க வேண்டும். முடிவு மனநிறைவு தந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். மூன்றாவது படத்தின் நாய்ஸ் மட்டும் உறுத்தினால், விலைக்கு விற்கப்படும் மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கி, அதே மூன்று படங்களைத் தம் சொந்தக் கணினியிலேயே ஓட்டி, எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். சோதனைக் காலம் ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால், படங்களும் ஓய்வு நேரமும் கையில் இருக்கும் வாரத்தில் அதைத் தொடங்குவது நல்லது. பிடித்துப்போனால் நவம்பர் இறுதித் தள்ளுபடி வரை காத்திருந்து வாங்கலாம். அடுத்த தைப்பூசத்துக்கு முன் அதைப் பழகிக்கொள்ள இரண்டு மாதம் இருக்கும்.